ஐந்து இரவில் நான்கு ஊரா? ராஜஸ்தான் போகும் முன் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஆறு பேர் குடும்பமாக ராஜஸ்தான் போகிறோம். உம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சால்மர், உதய்ப்பூர் நான்கையும் ஐந்து இரவில் காட்டுவதாகவும், அதில் ஓர் இரவு பாலைவனக் கூடாரம் என்றும் ஏஜென்ட் சொல்கிறார். தலைக்கு 24,000 ரூபாய். பாதியை இப்போதே கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: கொடுக்காதீர்கள். ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் சுமார் 340 கி.மீ., அங்கிருந்து ஜெய்சால்மர் 280, ஜெய்சால்மரிலிருந்து உதய்ப்பூர் 490, திரும்ப ஜெய்ப்பூர் 400. கூட்டினால் 1,500 கி.மீ. இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குப் போய், வந்து, மறுபடியும் போகிற தூரம். இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் காரிலேயே கழியும். அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு உம்மா எந்தக் கோட்டையில் ஏறுவார்? நோட்டீசில் படம் நிறைய இருக்க வேண்டும் என்பதற்காக ஊர்ப்பெயரை அடுக்குகிறார்கள். உட்காரப்போகிறவரின் முதுகை யாரும் நினைப்பதில்லை.

ஜெய்ப்பூரையும் உதய்ப்பூரையும் விட்டுவிடுங்கள். அஜ்மீரில் ஓர் இரவு, ஜோத்பூரில் இரண்டு, ஜெய்சால்மரில் இரண்டு போதும். இராமேசுவரத்திலிருந்து அஜ்மீர் வழியாக ஹம்சபர் ரயில் போகிறது, அஜ்மீர் தர்கா ஜியாரத்தும் முடிந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். திறக்கும் அன்று காலையிலேயே போடுங்கள். வடக்கே இருந்து இராமேசுவரத்துக்கு ஆண்டு முழுக்க யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்த ரயிலை வாரம் ஒரே ஒரு நாள்தான் விடுகிறார்கள். மக்கள் ஏஜென்ட் வாசலில் நிற்பதற்கு இதுதான் காரணம். திரும்பும் நாள் ஒத்துவராவிட்டால் ஜோத்பூரில் விமானம் ஏறுங்கள்.

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை 1459-ல் தொடங்கியது, செங்குத்தான பாறை மேல் நிற்கிறது. மேலே போக லிஃப்ட் உண்டு, தனிக் கட்டணம். உம்மாவுக்கு அதையே கேளுங்கள். இறங்கும்போது சரிவில் மெதுவாக நடந்து வரலாம்.

ஜெய்சால்மர் கோட்டை விஷயத்தில்தான் ஏமாறுவார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 1156-ல் எழுந்த அந்த மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அது ஒரு தெரு மாதிரி. உள்ளே நுழையச் சீட்டே கிடையாது. உள்ளே இருக்கும் அரண்மனைக் காட்சியகத்துக்கு மட்டும் தனிச் சீட்டு. சமணக் கோயில்களுக்குக் கட்டணம் வேறு. காலையிலேயே போய்விடுங்கள், தோல் பெல்ட், பர்ஸ் கொண்டுபோக முடியாது. வாசலில் யாராவது "கோட்டை டிக்கெட்" என்று பணம் கேட்டாலோ, உங்கள் பில்லில் "கோட்டை நுழைவு" என்று ஒரு தொகை இருந்தாலோ, அது ஏமாற்று. நான்கு வாசல்களைக் கடந்து ஏறும் பாதையில் கற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். ரப்பர் அடி செருப்புப் போடச் சொல்லுங்கள். கோட்டைக்குள் விடுதி எடுக்காதீர்கள். சொட்டுத் தண்ணீரைச் சேமித்து வாழ்ந்த காலத்துக் குன்று அது. இன்று குளியலறைத் தண்ணீர் அடியில் கசிந்து அடிமண்ணை இளக்குகிறது. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். வடிகாலைச் சரியாகப் போட்டுக்கொடுக்க இத்தனை காலமா?

கூடாரத்துக்கு வருவோம். மணல்மேடுகள் இருக்கும் சாம், ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. "சாம் கேம்ப்" என்று விற்பவை எல்லாம் மணல் ஓரத்தில் இருப்பதில்லை. மேட்டிலிருந்து தள்ளி, கட்டாந்தரையில், சாலையோரம் நிற்பவையும் உண்டு. கேம்பின் பெயரையும் வாட்ஸ்அப்பில் லொகேஷனையும் வாங்கி, மேப்பில் மணலுக்கு எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். கழிவறை கூடாரத்தோடு ஒட்டியதா, மேற்கத்திய வகையா, வெந்நீர் வருமா, ஒட்டகச் சவாரி எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "ஒட்டகச் சவாரி உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார்கள். நீண்ட சவாரிக்கு அங்கே தனிப் பணம்.

உம்மாவை ஒட்டகத்தில் ஏற்றாதீர்கள். அது முதலில் பின்னங்காலை நிமிர்த்தும். உட்கார்ந்தவர் தலைகுப்புறச் சாய்வார். அடுத்து முன்னங்கால் எழும், அப்போது பின்னுக்கு விழப்பார்ப்பார். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், மறுபடி முன்சாய்வு. முழங்காலை இறுக்கிப் பிடிக்காமல் சமாளிக்க முடியாது. ஒட்டக வண்டி இருக்கிறது, அதில் உட்காரட்டும்.

குளிரையும் குறைத்து நினைக்காதீர்கள். நம் கரையில் கடலும் ஈரக்காற்றும் இரவில் சூட்டை விடாமல் பிடித்துவைக்கும். தார் பாலைவன மணலில் ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. வெயில் சாய்ந்ததும் சூடு வானத்துக்குப் போய்விடும். பகலில் சட்டையோடு திரிந்தவர்கள் விடிகாலையில் 5 டிகிரி வரைகூடப் பார்க்க நேரும். ஸ்வெட்டர், காதுக்குல்லா, காலுறை ஆளுக்கு ஒன்று; உதட்டுக்கு வாஸ்லின்.

ஏஜென்ட்டிடம் புதிய வழித்தடத்துக்கு விலை கேளுங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவும் ரசீதோடு. டிரைவர் கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்; அங்கே நீங்கள் வாங்கும் ஒவ்வொரு துணியிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. கேம்பின் பெயரை "அப்புறம் சொல்கிறேன்" என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.