வாசகர் கேள்வி பதில்: மலையகத்துக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் குழுவிலிருந்து பதினெட்டுப் பேர் வரும் மே மாதம் இலங்கையின் மலையகத்துக்குப் பத்து நாள் மிஷன் பயணம் போகத் தீர்மானித்திருக்கிறோம். ஒருவருக்கு 60,000 ரூபாய் செலவாகும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, ஓர் அனாதை இல்லத்தில் மூன்று நாள் தங்கிப் பிள்ளைகளைக் கவனிப்பது, ஏழைக் குடும்பங்களுக்குத் துணிமணி கொடுப்பது ஆகியவை திட்டத்தில் உள்ளன. சபை மூப்பர் ஒருவர், "பக்கத்திலிருக்கும் சாக்கோட்டையிலும் கல்லலிலும் ஏழைகள் இல்லையா, கடல் தாண்டித்தான் தேட வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் போவது தவறா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: போவது தவறில்லை. கடல் தாண்டுவது செட்டிநாட்டுக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்ப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவையும், அந்த வீடுகளைக் கட்டிய பணம் பர்மா, மலேயா, இலங்கை என்று பல கரைகளையும் நினைவூட்டுகின்றன. வட்டித் தொழிலுக்கு நகரத்தார் போன அதே இலங்கைக்கு, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் கூலிக் குடும்பங்களும், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகளின் பின்னால் போயின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று, அவர்களைக் கேளாமலேயே பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த வரலாற்றைப் பதினெட்டுப் பேரும் புறப்படுமுன் படித்திருக்க வேண்டும். ஏனென்றால் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அங்குள்ள ஒரு பாட்டி உங்களிடம் முதலில் கேட்கப்போவது உங்கள் ஊர் எது என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் மூப்பரின் கேள்வியை நீங்கள் எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கணக்கின்படி மொத்தச் செலவு 10,80,000 ரூபாய். அதில் எவ்வளவு விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் போகிறது, எவ்வளவு அந்தக் குடும்பங்களைச் சேர்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிச் சபையின் முன் வையுங்கள். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்துவைத்து, அதற்குக் காலணா பிசகாமல் கணக்கு எழுதிய ஊர் இது. அப்படி எழுதிப் பார்க்கும்போதே திட்டம் தானாக மாறத் தொடங்கும்.

உங்கள் திட்டத்தில் ஒன்றை முற்றிலும் விட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். அது அனாதை இல்லத்தில் மூன்று நாள் தங்குவது. இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் ஏழு வயது முதல் பதினைந்து வயது வரை ஒரு விடுதியில் வளர்ந்தவள். என் தாய் உயிரோடு இருந்தார். களையெடுக்கப் போய்க் கிடைத்த கூலியில் என்னைப் படிக்கவைக்க முடியாததால் அங்கே சேர்த்தார். வெளிநாட்டு விருந்தினர் வரும் நாளில் எங்களுக்கு நல்ல பாவாடை எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு பாட்டு சொல்லித் தருவார்கள். வந்தவர்கள் உண்மையான அன்போடுதான் எங்களை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு முறை வந்த அக்கா ஒருத்தி நான்கு நாளும் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அவள் போன பிறகு பல நாட்கள் நான் யாரையும் தலையைத் தொடவிடவில்லை என்று விடுதியில் சமைத்த ஆயா பின்னாளில் சொன்னார். அந்த அக்கா தீங்கு எதுவும் நினைக்கவில்லை. ஆனாலும் ஆண்டுக்கு நான்கு குழு வந்து ஒட்டிப் பிரிந்தால், பிள்ளைக்குள் ஏதோ ஒன்று கெட்டிப்பட்டுப் போகிறது.

இன்னொரு கேடும் உண்டு. விருந்தினரும் நன்கொடையும் பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்குத்தான் வரும் என்றால், இல்லத்தை நிரப்பப் பிள்ளைகளைத் தேடிப்போகிறவர்களும் தோன்றுவார்கள். கம்போடியாவில் கணக்கெடுத்தபோது, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. அனாதை இல்லத்துக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை ஆஸ்திரேலியா தன் 2018ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டியே பேசத் தொடங்கியது; 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இத்தகைய சுற்றுலாத் தொண்டின் தீங்கைச் சுட்டியது. இலங்கையிலும் இல்லப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். வறுமையும், தாய் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனதும் பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. யாக்கோபின் நிருபம் திக்கற்ற பிள்ளைகளைச் சொல்லும் இடத்தில் விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. பிள்ளையையும் தாயையும் ஒருசேர விசாரிக்கச் சொன்ன வசனத்தை வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்த இடத்துக்கு நாம் பணம் கொடுத்துவருகிறோம்.

ஆகவே அந்த மூன்று நாளையும் அதற்கான பணத்தையும் பிள்ளை வீட்டிலேயே வளர உதவும் வேலைக்குத் திருப்புங்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராக்கள் தோட்டங்களில் உண்டு. அவற்றில் ஒன்றுக்குக் கூரை ஒழுகலாம், பால் மாவு போதாமலிருக்கலாம், பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பயிற்சி தேவைப்படலாம். எது தேவை என்பதை இங்கிருந்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்தத் தோட்டத்தில் ஊழியம் செய்யும் போதகரிடமும், அதைவிட முக்கியமாக அங்குள்ள தாய்மாரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதற்குப் பிறகு பெட்டியைக் கட்டுங்கள். துணிமணி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வருத்தப்படாதீர்கள். வேண்டுமென்றால் பக்கத்து நகரத்துக் கடையில் வாங்கிக் கொடுங்கள். அந்தக் கடைக்காரரும் பிழைப்பார்.

விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். மே மாதம் நமக்குத்தான் விடுமுறை. இலங்கைப் பள்ளிகளின் விடுமுறை வழக்கமாகச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், ஆகஸ்டிலும், டிசம்பரிலும் வரும். அடுத்தது, சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்காகத் தரப்படுவது. மதப் பணி செய்வதாக இருந்தால் அதற்குரிய அனுமதியை உங்களை அழைக்கும் சபையின் வழியாக முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லி அழைத்துப்போகிறவர்களை நம்பாதீர்கள், ஏனென்றால் சிக்கல் வந்தால் நீங்கள் விமானமேறிவிடுவீர்கள், அங்குள்ள சிறிய சபைதான் விசாரணைக்குப் போய் நிற்கும். தோட்டத்து வீடுகளில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். நோட்டுப் புத்தகம் கொடுக்கும் கையாலேயே பிரசங்கத்தையும் நீட்டினால், வாங்குகிற தாய்க்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது. நம் ஆண்டவர் யாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

இலங்கையில் ஊழியம் என்றதும் எனக்கு ஜோசப் வாஸ் அடிகளாரின் நினைவு வருகிறது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரரின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். தமிழும் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது மற்றவர்கள் விட்டு ஓடிய நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தார். 1711இல் அங்கேயே இறந்தார். அவரை 2015இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. பத்து நாளில் நீங்கள் அவராக முடியாது. ஆனால் இன்றும் அப்படித் தங்கியிருப்பவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள்: பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பெண், தோட்டப் பள்ளி ஆசிரியர், மூன்று தோட்டங்களுக்கு நடந்தே போகும் போதகர். உங்கள் பயணத்தால் அவர்களுடைய பாரம் கொஞ்சமாவது குறையுமா என்று ஒவ்வொரு நாளின் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். பதினெட்டுப் பேருக்குப் பதில் ஐந்து பேர் போய், அதே தோட்டத்துக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து போனால் நான் மிகவும் மகிழ்வேன். மீதிப் பதின்மூன்று பேர் மூப்பரோடு கல்லலுக்குப் போகட்டும்.

கேள்வி: நான் செவிலியர். எங்கள் குழு அங்கே இலவச மருத்துவ முகாம் நடத்த மருந்துகள் சேகரித்துவருகிறது. கவனிக்க வேண்டியவை எவை?
(ஒரு வாசகி, தேவகோட்டை)

பதில்: சேகரிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அனுமதி கேளுங்கள். வெளிநாட்டு மருத்துவர் அங்கே நோயாளியைப் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு தேவை. மருந்துகளைக் கொண்டுபோகத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் ஒப்புதல் தேவை. இலங்கையில் அரசு மருத்துவமனைகள் இலவசமானவை என்பதால், மாத்திரையைக் கொண்டுபோவதைவிட, அந்த மருத்துவமனைக்குப் போய்ச்சேர முடியாத நோயாளிகளை அங்கே கொண்டுசேர்ப்பது பெரிய உதவியாக இருக்கும். தோட்டப்புறத்தில் வேரோடிய துன்பம் ஊட்டக்குறைவு. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம் இருக்க, தோட்டங்களில் ஏறத்தாழ 32 சதவீதம் இருந்தார்கள். ஒரு நாள் முகாமில் கொடுக்கும் சத்து மாத்திரை இதைத் தீர்க்காது. அங்குள்ள குடும்பநல மருத்துவிச்சியைச் சந்தித்து, அவர் கேட்கும் உதவியைச் செய்யுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகளோடு எடுத்த படங்களை வெளியிடலாமா?
(ஒரு வாசகர், திருப்பத்தூர்)

பதில்: முகம் தெரியும் படம் வேண்டாம். உங்கள் பிள்ளை கிழிந்த சட்டையோடு நிற்கும் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் ஊருக்குக் காட்டினால் நீங்கள் பொறுப்பீர்களா? கொடுத்தவர்களுக்கு ரசீதையும், மாற்றிய கூரையின் படத்தையும் காட்டுங்கள். பிள்ளையோடு யாரும் தனியறையில் இருக்கக் கூடாது என்பதையும் குழுவின் விதியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தவறு எதுவும் கண்ணில் பட்டால், இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

கேள்வி: போன ஆண்டு சென்றுவந்தேன். அங்கே பழகிய பத்து வயதுச் சிறுமி, தன் தாயின் கைப்பேசியில் ஞாயிறுதோறும் அழைத்து, "அக்கா, எப்போது வருவீர்கள்?" என்று கேட்கிறாள். இப்போது பள்ளிக் கட்டணத்துக்குப் பணமும் கேட்கிறாள். எனக்கு வேலை இல்லை. பல வாரங்களாக அழைப்பை எடுக்கவில்லை, தூக்கம் வரவில்லை.
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைப்பை எடு, அம்மா. வர முடியாது என்றால் அதைச் சொல்லிவிடு. "சீக்கிரம் வருகிறேன்" என்பதை மட்டும் சொல்லாதே. பிறகு தாயிடம் கைப்பேசியைக் கொடுக்கச் சொல்லிப் பணத்தைப் பற்றி அவரிடமே பேசு. பத்து வயதுப் பிள்ளை பணம் கேட்கும் நிலை வந்திருக்கிறதென்றால், வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்பதை அந்தத் தோட்டத்துப் போதகரிடம் சொல்லி விசாரிக்கச் செய். அந்தக் குடும்பத்துக்கான உதவி அவர் வழியாகவும் உன் சபையின் வழியாகவும் போகட்டும். சபையின் அறக்கட்டளை வெளிநாட்டில் செய்யும் செலவுக்குப் பொதுவாக வருமான வரி விலக்குக் கிடையாது என்பதால், பணம் அனுப்புமுன் தணிக்கையாளரைக் கேட்கச் சொல். உன்னை அழைத்துப்போன குழுத் தலைவரிடமும் இதைச் சொல். உன் ஒருத்தியின் தோளில் இது இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு நாள் பேசுகிறேன் என்று அவளிடம் நாள் குறித்துக்கொள். அந்த நாள் தவறாமல் பேசு.