கிரோன் நோயா, கார்சினாய்டு கட்டியா? கேள்வி பதில்

அண்ணனுக்கு ஆறு வருடமாகக் கிரோன் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி), டாக்டர். அடைப்புக்காக வெட்டியெடுத்த குடலில் 'கார்சினாய்டு கட்டி' என்று ரிப்போர்ட். இத்தனை கொலனோஸ்கோபியில் ஏன் தெரியவில்லை?

இது குடலின் உட்தோலுக்கு அடியில் வளரும் கட்டி. பயாப்ஸி இடுக்கி மேலாக ஒரு கிள்ளுதான் கிள்ளும். அதில் கிரோன் புண் மட்டும்தான் வரும். இரண்டுக்கும் பிடித்த இடமும் ஒன்றே: சிறுகுடலின் கடைசிப் பகுதி. கட்டி சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் அதையொட்டிய சவ்வு தழும்புபோல இறுகிக் குடலை மடக்கி இழுத்துவிடும். ஸ்கேனில் அசல் கிரோன் சுருக்கம் மாதிரியே தெரியும். 1907-இல் ஓபர்ண்டார்ஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 'புற்றுநோய் போன்றது' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். பெயரை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். சிறுகுடலில் வருவது கல்லீரல் வரை போகக்கூடியது.

எனக்கும் கிரோன்தான். அடிக்கடி முகம் குப்பென்று சிவக்கிறது. அதுதானா?

வயது 48 என்கிறீர்கள் அம்மா, பிரஷர் மாத்திரையும் எடுக்கிறீர்கள். முதலில் மாதவிடாய் நிற்கும் காலமா, அந்த மாத்திரையா என்று பார்க்க வேண்டும். குடல் கட்டி சுரக்கும் செரோடோனினைக் கல்லீரல் வடிகட்டிவிடும். அதனால் பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய பிறகே முகம் சிவக்கும். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ (செரோடோனின் சிதைந்து வரும் கழிவு) பார்க்கலாம். அதற்கு முந்தைய மூன்று நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி வேண்டாம். ரசத்தில் போடுவதும் தக்காளிதான், அதை மறந்துவிடுகிறார்கள்.

ரத்தத்தில் குரோமோகிரானின் ஏ (இந்தக் கட்டிக்குப் பார்க்கும் குறியீடு) மூன்று மடங்கு. பயமாக இருக்கிறது.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போடுகிறீர்களா? அந்த மாத்திரையே அதை ஏற்றிவிடும். குடல் அழற்சியும் ஏற்றும். உங்கள் டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

டிபி மருந்து முடித்தாயிற்று, அப்புறம் ஸ்டீராய்டும். குடல் சுருக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்து?

குடல் டிபியும் கிரோனும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் நம் நாட்டில் இது பழகிய வழி: முதலில் டிபிக்கு மருந்து, பிறகு கிரோனுக்கு. அழற்சியைக் காட்டும் சிஆர்பி (ரத்தம்), கால்ப்ரொடெக்டின் (மலம்) இறங்கிய பிறகும் அடைப்பு வலி விடவில்லையென்றால் ஒன்று வெறும் தழும்பு, இல்லையென்றால் வேறு ஏதோ. இப்படி வந்த ஒருவரின் பழைய சிடி படங்களை மீண்டும் பார்த்தேன். சவ்வில் சக்கரத்து ஆரம்போலக் கோடுகள், நடுவே சுண்ணாம்புப் புள்ளி. இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலேயே இருந்தது. 'கிரோன்' என்று எழுதியிருந்ததால் யாரும் தேடவில்லை. ஆகவே ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் எடுத்து வாருங்கள். தேவைப்பட்டால் இந்தக் கட்டியைத் தேடிக் காட்டும் காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் கேஐ-67 2% என்றால்?

கட்டியில் எத்தனை சதவீத செல்கள் பெருகுகின்றன என்ற கணக்கு அது. 3%-க்குக் கீழே, கிரேடு 1. மெதுவாக வளரும் வகை.

கிரோன் உள்ள என் மகனுக்கு, வெட்டியெடுத்த அப்பெண்டிக்ஸில் 6 மில்லிமீட்டர் கார்சினாய்டு கட்டி. மறுபடி ஆபரேஷனா?

1 சென்டிமீட்டருக்குக் கீழே, முழுவதும் வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் வேண்டாம். கிரோன் மருந்து மட்டும் தொடரட்டும்.