பட்டா நிலத்தில் கல்வட்டம்: மேட்டைச் சமன்படுத்தலாமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறேன். பட்டா என் பெயரில்தான். நிலத்தின் ஓரத்தில், சுற்றிலும் பெரிய கற்கள் பதித்த மேடு ஒன்று இருக்கிறது. ‘பாண்டவர் குழி’ என்கிறார்கள். வீடு கட்ட அதைச் சமன்படுத்தலாமா? வெளியே தெரிந்தால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தயவுசெய்து ஜேசிபியை அந்தப் பக்கம் விடாதீர்கள். நீங்கள் சொல்வது இரும்புக்கால ஈமச்சின்னம், அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்கள் பதித்த கல்வட்டம் போலத் தெரிகிறது. உங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட பல இடங்கள் ஏற்கெனவே மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அதனால் உங்கள் சர்வே எண்ணோ பக்கத்து நிலமோ அந்தப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மத்திய, மாநிலத் துறைகள் இரண்டுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

மத்தியப் பட்டியலில் இருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை கட்ட, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மத்தியப் பட்டியலில் இல்லையென்றால் இந்தத் தடைகள் கிடையாது. ஆனாலும் மண்ணுக்குள் கிடைப்பதெல்லாம் உங்களுக்கே சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

சரி, நிலம் போய்விடுமா? சொன்ன மாத்திரத்தில் போகாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் முன் மத்திய அரசு இரண்டு மாத அவகாசம் கொடுத்து அறிவிக்கை வெளியிட வேண்டும். அதற்குள் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவித்த பிறகும் பட்டா உங்களுடையதே. ஓர் அடிக்கு மேல் தோண்டாத பயிர்ச்செய்கைக்குத் தடையில்லை. கையகப்படுத்தினால் இழப்பீடு தர வேண்டும். இதெல்லாம் தெரியாமல், வெறும் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கற்களைப் புரட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாத வேதனை. எந்த எலும்புக்குப் பக்கத்தில் எந்தக் கறுப்பு சிவப்புப் பானை, எந்த இரும்புக் கத்தி இருந்தது என்பதை வைத்துத்தான் அந்த மக்களைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். கலைத்துவிட்டால் எந்தக் கோர்ட்டும் அதைத் திருப்பித் தராது.

மேட்டை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, பட்டா நகல், புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) கலெக்டருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தடை எதுவும் இல்லை என்று பதில் வந்தால், மேட்டிலிருந்து தள்ளி வேறு மூலையில் வீட்டுக்கு இடம் குறியுங்கள். கட்டட வரைபட அனுமதி கேட்கும்போது அந்தப் பதிலையும் சேர்த்தே கொடுங்கள்.