கியர் லீவரைச் சோதித்து வாங்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று பார்த்திருக்கிறோம். கியர் லீவர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நாங்களே சோதிக்க முடியுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக முடியும் தங்கச்சி. போன ஐப்பசியில் பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வாசல் கொஞ்சம் சரிவு. ஓட்டி வந்தவர் லீவரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு, இன்ஜினை அணைத்து, இறங்கிக் கதவைச் சாத்துகிறார். வண்டி பின்னால் உருளுகிறது! ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். அடியில் படுத்துப் பார்த்தால், லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் முனையில் பிளாஸ்டிக் புஷ் (கேபிளைப் பிடித்து நிறுத்தும் சின்ன வளையம்), விரல் பட்டதும் பழைய கருப்பட்டி மாதிரி பொடிந்தது. மேலே லீவர் 'பி'யில், உள்ளே கியர் 'பி'க்கு வரவே இல்லை.

சமதளத்தில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். 'பி'யிலும் 'என்'னிலும் (நியூட்ரல்) மட்டுமே ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். 'ஆர்' (ரிவர்ஸ்), 'டி'யில் (டிரைவ்) சத்தமே வரக் கூடாது. அதில் ஸ்டார்ட் ஆனால் வண்டி பாய்ந்துவிடும். அப்படி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு, அதைச் சரிசெய்யாமல் வாங்காதீர்கள். 'பி'யில் இருக்கும்போது பிரேக்கை மிதிக்காமல் லீவரை இழுத்தால் அது அசையக் கூடாது.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் காலை வைத்தபடியே ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். மீட்டரில் தெரியும் எழுத்தும் லீவர் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். 'ஆர்' போட்டதும் பின்னால் வெள்ளை லைட் எரிய வேண்டும். 'டி'யில் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து 'டங்' என்று இடித்து விழுந்தால், அது லீவர் கோளாறு இல்லை, கியர்பாக்ஸ் செலவு.

கடைசியாக, லேசான சரிவில் 'பி' போட்டு, கால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை இறக்கி, காலை மெல்ல எடுங்கள். ஒரு சாண் நகர்ந்து 'டக்' என்று நிற்கலாம், உருளக் கூடாது. மேல் பார்த்தும் கீழ் பார்த்தும் நிறுத்திப் பாருங்கள். பாபநாசம் மலைச்சாலை வேண்டாம், வயக்காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவே போதும்.

நீங்கள் பார்த்திருப்பது செலேரியோ மாதிரி ஏஎம்டி வண்டி (சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்ச், கியர் வேலையை வண்டியே பார்த்துக்கொள்வது) என்றால் அதில் 'பி'யே கிடையாது. இந்தச் சரிவுச் சோதனையை விட்டுவிடுங்கள். எந்த வண்டியானாலும், விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதபடி காலையிலேயே போய், முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள்.