பணக்கார வியாதி – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நீரிழிவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘வளரும் நாடுகளில் சர்க்கரை வியாதி ஏழைகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. என் தாத்தா காலத்தில் இதற்குப் பெயரே பணக்கார வியாதிதான். உழைத்துச் சாப்பிட்டவனுக்கு அது வந்ததில்லை. இன்று வசதியில்லாதவர்களுக்கும் வருகிறது என்றால் அவர்களிடமும் கட்டுப்பாடு போய்விட்டது என்றுதானே பொருள்? நடப்பதற்குக் காசு வேண்டாம். குறைவாகச் சாப்பிடவும் காசு வேண்டாம், சொல்லப்போனால் அதில் மிச்சம்தான்.

ஓர் உதாரணம். எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளிக்கு 46 வயது, இரண்டு வருடமாகச் சர்க்கரை. வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். உணவுப் பட்டியல் ஒன்றும் அச்சடித்துக் கொடுத்தேன். மீட்டர் அட்டைப்பெட்டியோடு அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் தாத்தா சொன்னது தப்பில்லை. அவர் இடைவேளை வரை படம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு நாட்டுக்குள் சர்க்கரை வியாதி நுழையும்போது பெரும்பாலும் காசுள்ள வீட்டு வாசல் வழியாகத்தான் நுழைகிறது. பசிபிக்கில் நவ்ரு என்று ஒரு குட்டித் தீவு. பாஸ்பேட் தோண்டி விற்றே 1970களில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் பார்த்தால் உலகத்தின் பணக்கார நாடுகளோடு நின்றது. அந்தச் செழிப்பின் நடுவில், 1975-76இல் பால் ஸிம்மெட் என்கிற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. பின்னாளில் பாஸ்பேட் தீர்ந்தது, காசு போனது. சர்க்கரை மட்டும் போகவில்லை. மிக ஏழை நாடுகளில் இன்றும் படித்தவர்களிடமும் வசதியானவர்களிடமும்தான் இது அதிகம். நாடு கொஞ்சம் நிமிர நிமிர இந்தச் சாய்வு மெல்லத் திரும்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 15 மாநிலங்களின் கணக்கை 2017இல் வெளியிட்டது. மொத்தத்தில் வசதியானவர்களிடமே அதிகம் என்றாலும், சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகியவற்றின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை அதிகமாக இருந்தது. ஒரே நாடு, ஒரே ஆய்வு, ஆனால் ஓர் இடத்தில் இடைவேளைக்கு முன், இன்னோர் இடத்தில் இடைவேளைக்குப் பின்.

உலகக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி 2024இல் 58.9 கோடிப் பெரியவர்களுக்கு இந்த வியாதி. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் தனக்கு இருப்பதே தெரியாது. கண் மங்கிய பிறகோ காலில் புண் ஆறாமல் போன பிறகோதான் அவர்களுக்குச் சேதி கிடைக்கும்.

சரி, உழைப்புக்கு வருவோம். தாத்தா காலத்தில் ஏழை என்றால் ஓடியாடி, சுமை தூக்கி, மண் வெட்டி வேலை செய்தவர். இன்று நகரத்தில் குறைந்த கூலி வாங்குகிறவர்களில் எத்தனை பேருடைய வேலை உட்கார்ந்திருப்பது என்று எண்ணிப் பாருங்கள். வண்டி ஓட்டுவது, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பது, வாசலில் காவல் இருப்பது. உடம்பு அசையாமலே களைத்துப்போகிற வேலைகள். அதிலும் இரவுப் பணி தனி. மாறிமாறியும் இரவிலும் வேலை பார்ப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 12 மணி நேரம் விழித்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரிடம் நடக்கக் காசு வேண்டாம் என்கிறீர்கள். உண்மைதான், காசு வேண்டாம். நேரம் வேண்டும், தூங்கி எழுந்த கால் வேண்டும்.

குறைவாகச் சாப்பிட்டால் மிச்சம் என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது தீட்டிய தானியம், சர்க்கரை, எண்ணெய். எந்த நாட்டுச் சந்தையிலும் காய், பழம், பருப்பு, மீன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. விற்பனை குறைந்தது, அதிலும் மிக அதிகமாகக் குறைந்தது வசதி குறைந்த வீடுகளில். திடீரென்று அந்த வருடம் அவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு பிறந்துவிட்டதா என்ன? விலை மாறியது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பிறப்பதற்கு முன்பே ஆரம்பிக்கிற கதை. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்கிற மருத்துவரின் குழு அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. பிறக்கும்போது சராசரி எடை இங்கிலாந்தில் 3.5 கிலோ, புனேயில் 2.7. ஆனால் எலும்பிலும் தசையிலும் குறைந்த அளவுக்குக் கொழுப்பில் குறையவில்லை. மெலிந்த, கொழுத்த குழந்தை. அவரும் ஜான் யுட்கின் என்கிற லண்டன் மருத்துவரும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் 2004இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சு அசலாக 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கருப்பையிலும் சின்ன வயதிலும் சத்துக் குறைந்த உடம்பு பிறகு கொஞ்சம் சாப்பாடு கண்டாலும் திணறிப்போகிறது. வாழ்நாள் முழுக்கச் சரியான சாப்பாடு கிடைக்காததாலேயே வருகிற நீரிழிவும் உண்டு. 1955இலேயே ஜமைக்காவில் அதை எழுதிவைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது, 1999இல் எடுத்துவிட்டது. இப்போது 2025இல்தான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றிருக்கிறது. பட்டினியால் வரும் வியாதிக்கு நிலையாக ஒரு பெயர் கிடைக்க 70 வருடம்.

இனி கட்டுப்பாடு. எனக்கும் 11 வருடமாகச் சுகர். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைப் பார்த்துவிட்டு என் டாக்டர் ‘நல்ல கண்ட்ரோல்’ என்று தட்டிக்கொடுப்பார். எனக்கும் கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன், இதில் என் பங்கு எவ்வளவு? வீட்டிலேயே எழுதுகிற வேலை. மூன்று வேளையும் அதே நேரத்துக்குச் சாப்பாடு. மீட்டரில் ரத்தம் வைக்கிற ஸ்ட்ரிப் தீர்வதற்கு முன்பே அடுத்த டப்பா. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம் வயிற்றைக் கலக்கி எடுத்தது, ஆனால் கழிப்பறை பத்தடியில் இருந்தது. ராத்திரி நான்கு தடவை எழுந்து போனாலும் கேட்க ஆளில்லை.

அந்தப் பத்தடியை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது, நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துப்புரவு செய்த ஓர் அம்மாவால்தான். நாங்கள் உபயோகித்த கழிப்பறையைக் கழுவுவார், அதை அவர் உபயோகிக்கக் கூடாது. அவருக்கென்று இருந்தது பின்பக்கத்துக் கட்டடத்தில், மதியம் வரை பூட்டு. சர்க்கரை ஏறினால் அடிக்கடி போக வேண்டும், தாகம் எடுக்கும். அவர் கண்டுபிடித்த வைத்தியம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வேலை நாளில் மாத்திரையையும் விட்டுவிடுவார், வயிறு கலக்கும் என்று. ‘லீவு நாள்ல சரியா போட்டுக்கறேன் சார்’ என்பார். அவரையும் நாங்கள் பொறுப்பில்லாதவர் என்றுதான் பேசிக்கொண்டோம்.

காசுக் கணக்கு வேறு. இந்தியாவில் 2005இல் எடுத்த ஒரு கணக்கில், சர்க்கரையுள்ள நகர்ப்புற ஏழைகள் வருமானத்தில் 34 சதவீதத்தை இந்த ஒரு வியாதிக்கே செலவழித்தார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்று டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகள் கையில். குளிர்ச்சியாக வைக்க வேண்டிய மருந்து, வாங்கினாலும் எங்கே வைப்பது? கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமில் களிமண் பானையில் குளிர்வித்து வைத்துக்கொள்கிறார்கள். 25 முதல் 37 டிகிரி வரை வெப்பம் ஏறியிறங்கினாலும் திறந்த இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குறையாமல் இருக்கிறது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் காட்டினார்கள். அதுவரை பல இடங்களில் ஊசி போட்டுக்கொள்ள நோயாளியே தினமும் மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருந்தது. நடக்கக் காசு வேண்டாம்தான்.

உங்கள் காவலாளிக்கு வருகிறேன். மீட்டர் வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியோடு வருகிற ஸ்ட்ரிப் கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் அந்தக் கருவி வெறும் கடிகாரம். வேறு கம்பெனி ஸ்ட்ரிப் அதில் செல்லாது. ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று கேட்டீர்களா? உணவுப் பட்டியலில் ‘காலை 8 மணி’ என்று ஆரம்பித்திருப்பீர்கள். அது அவர் தூங்கப் போகிற நேரம். டாக்டர் சீட்டில் ‘காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருக்கும், அவர் அதை எந்தக் காலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இரவு வேலை என்பதை அவர் சொல்லியே ஆக வேண்டும், மாத்திரை நேரத்தை அவர்கள்தான் மாற்றித் தர முடியும்.

அப்புறம், யூனிஃபார்மோடு கறுப்பு ஷூ கொடுத்திருப்பீர்கள். ஒருநாள் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் ஷூ கடித்தது வலிக்காது, வலிக்காத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, இரவுப் பணிக்கு மாற்று ஆள், காலைக் கடிக்காத சரியான அளவு ஷூ, இதெல்லாம் உங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு கூட்டத்தில் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள்.

இரவில் அவருக்கு எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.