வாசகர் கேள்வி-பதில்: ஒயின் கிளப் டி-சர்ட்டில் மிச்சம் பார்க்க முடியுமா?

கேள்வி: பெங்களூரில் ஓர் ஒயின் கிளப்பில் என் மைத்துனர் உறுப்பினர். கிளப் லோகோ போட்ட காலர் டி-சர்ட் 40 வேண்டும் என்கிறார்கள். திருப்பூரில் துணி எடுத்து, ஓசூரில் லோகோ போட்டு, வீட்டிலிருந்தே விற்கலாமா?
- வாசகி, பர்கூர்

பதில்: விற்கலாம். ஆனால் மாதாமாதம் வரும் காசு என்று கணக்குப் போடாதீர்கள். ஒருமுறை டி-சர்ட் வாங்கிய உறுப்பினர் அடுத்த மாதமே இன்னொன்று கேட்க மாட்டார்.

முதலில் வரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் துணி விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். உங்கள் சரக்கோ அத்திப்பள்ளியைத் தாண்டி கர்நாடகத்துக்குப் போகிறது. வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் டி-சர்ட்டுக்கே பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷன் முறையில் மாநிலம் தாண்டி விற்க முடியாது என்பதால் சாதாரணப் பதிவே எடுங்கள். 22.9.2025 முதல், ஒன்று 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு வரி 5 சதவீதம். விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். 40 டி-சர்ட்டோடு நிறுத்திவிடுவீர்கள் என்றால் ஆடிட்டர் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். இன்னும் இரண்டு மூன்று கிளப்போ அபார்ட்மென்ட் சங்கமோ கைவசம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

துணி 220 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பிக்கே காட்டனாக, அதாவது காலர் டி-சர்ட்டுக்குப் போடும் பொடிப் புள்ளிப் பின்னல் துணியாக, இருக்கட்டும். லோகோவை எம்பிராய்டரியாகப் போடுங்கள், கிளப்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். 160 ஜி.எஸ்.எம். போன்ற மெல்லிய துணியில் எம்பிராய்டரி போட்டால் சுற்றிலும் சுருங்கிக்கொள்ளும். இடது மார்பில் மூன்று, மூன்றரை அங்குல அகலம் போதும். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நூல் ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்து படிக்க வராது. லோகோவில் திராட்சைக் கொடியும் பொடி எழுத்தும் சேர்ந்திருந்தால், பொடி எழுத்தை எடுத்துவிடக் கிளப்பிடம் இப்போதே சம்மதம் வாங்குங்கள். பஞ்சிங் கூலி (லோகோவை எம்பிராய்டரி மெஷின் படிக்கும் ஃபைலாக மாற்றும் கூலி) ஒருமுறைதான், அந்த ஃபைலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கேட்கப்போவது ஒயின் சிவப்பு. வம்பு அங்கேதான். காட்டனில் இந்தச் சாயம் சரியாக நிற்காவிட்டால் கூடவே துவைத்த வேட்டியும் சிவந்துவிடும். ஈர வெள்ளைத் துணியால் சாம்பிளைப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். பாலியஸ்டராக இருந்து, மேலே வெள்ளைப் பிரின்ட் போட்டால், சூட்டில் சாயம் மையினுள் ஏறிவிடும். அன்று வெள்ளையாகத் தெரியும் லோகோ சில நாளில் ரோஸ் ஆகிவிடும். குறைந்த சூட்டில் காயும் மையோ, அடியில் சாம்பல் நிறத் தடுப்பு மையோ வேண்டும் என்று பிரின்ட்காரரிடம் கேளுங்கள். அவர் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

அளவைப் பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். 'எல்' என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மார்பளவைச் சென்டிமீட்டரில் சொல்லி, ஒரு செட் சாம்பிளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லோகோ ஏறிய சட்டையைத் திருப்பூர்க்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பாதிப் பணம் முன்பணமாக வராமல் துணி எடுக்காதீர்கள். கெட்டுப்போகும் என்று இரண்டு உருப்படி கூடுதலாக எடுத்து, அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

லோகோவைப் பயன்படுத்தக் கிளப்பின் எழுத்துச் சம்மதம் வேண்டும்: எத்தனை உருப்படி, யாருக்கு விற்கலாம், மீதியை என்ன செய்வது என்று மூன்றும் அதில் இருக்கட்டும். மைத்துனர் வாய்வழியாகச் சொன்னது செல்லாது. ஒயின் கம்பெனிகளின் பிராண்ட் பெயரைச் சட்டையில் போடவே வேண்டாம். மதுவுக்கு மறைமுக விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. குழந்தைகள் அளவிலும் தைக்காதீர்கள்.

கேள்வி: 15,000 ரூபாய் கட்டிச் சேர்ந்து, கிளப் டி-சர்ட்டை வாங்கி விற்றால் கமிஷன், ஆள் சேர்த்தால் கூடுதல் கமிஷன் என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். நேரடி விற்பனை நிறுவனம் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் வந்த விதிகள் சொல்கின்றன. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு முறைக்கும் அதில் தடை உண்டு. ஒன்று கேட்டுப் பாருங்கள்: விற்காத டி-சர்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த 15,000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.