காணாமல்போன பேஸ் கிட்டார்: கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) ஆல்பத்தைப் பற்றி ஒரு வரி வந்தது. ‘எலும்பு மட்டும் மிஞ்சிய ஒலி, இருந்தும் அவர்களுடைய சிறந்த ஆல்பம்’ என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் முதன்முறையாக முழுவதும் கேட்டேன். இரண்டு வருடங்களாக, கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் கற்றுவருகிறேன். ஒன்பது பாடல்களிலும் பேஸைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஹெட்ஃபோன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகுதான் இது ஊரறிந்த விஷயம் என்று தெரிந்தது. பேஸை மீண்டும் சேர்த்து ரசிகர்கள் உருவாக்கிய பதிப்பையும் கேட்டேன். எவ்வளவோ மேலாக இருக்கிறது. 2018இல் மறுவெளியீடு செய்தபோது குழுவினரே இதைச் சரிசெய்திருக்கலாமே?

எனக்கு ஒன்று தோன்றியது. பழைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தபிறகு அவர்கள் செய்த முதல் முழு ஆல்பம் இது. அந்த வெற்றிடம் ஒரு துக்கம் இல்லையா? இறந்தவரின் நாற்காலியைக் காலியாக விடுவதைப்போல, அவருடைய இடத்தை மௌனமாக விட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஹெட்ஃபோனில் பழுதில்லை. நானும் அதே சந்தேகத்தில் பணம் செலவழித்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நண்பன் ஒருவன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில்தான் இதை முதலில் கேட்டேன். டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். பிறகு தன்னிடமிருந்த இளையராஜா கேசட்டைப் போட்டார். பேஸ் கும்மென்று வந்தது. “பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது சார், உங்கள் கேசட்டில்தான் சரக்கு இல்லை” என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இதைவிடத் துல்லியமான வரி கிடையாது.

உங்கள் நாற்காலி உவமை அழகானது. அதனால்தான் அதை நம்பத் தயங்குகிறேன்.

1986 செப்டம்பர் 27 அதிகாலையில், ஸ்வீடனின் யுங்பி என்ற ஊருக்கு அருகே குழுவின் சுற்றுப்பயண பஸ் கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். வயது 24. பேஸைத் துணைவாத்தியமாகக் கருதாதவர் அவர். ‘ஓரியன்’ பாடலின் நடுப்பகுதியைக் கேளுங்கள். மெட்டை முன்னெடுத்துச் செல்வதே பேஸ்தான். ஒரே மாதத்தில், ‘ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம்’ என்ற குழுவிலிருந்து ஜேசன் நியூஸ்டெட்டை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. உணவகச் செலவுகளை அவர் அறைக் கணக்கில் ஏற்றினார்கள், வசாபி உருண்டையை ஐஸ்கிரீம் என்று சொல்லி வாயில் போடவைத்தார்கள். பின்னாளில் பேட்டிகளில் அவர்களே சொன்ன கதைகள் இவை. துக்கத்தை எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாத இருபத்துச் சொச்சம் வயது இளைஞர்கள், புதிதாக வந்தவன் தலையில் இறக்கிவைத்தார்கள். அதுவரை துக்கம்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1987இல் வந்த ‘கராஜ் டேஸ்’ என்ற சிறிய இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பர்ட்டன் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். பிற குழுக்களின் பாடல்களை விளையாட்டுப்போல வாசித்துப் பதிவுசெய்தது. பேஸ் வாசித்தவர் இதே நியூஸ்டெட். அதில் பேஸ் எப்படி இருக்கிறது தெரியுமா? கொழுத்து, உறுமிக்கொண்டு, கிட்டாரோடு தோளுக்குத் தோள் உரசிக்கொண்டு நிற்கிறது. துக்கம் புதிதாக இருந்தபோது பேஸ் கேட்டது, ஓராண்டு ஆறியபிறகு கேட்கவில்லை. நாற்காலியைக் காலியாக விடும் வழக்கம் இப்படித் தலைகீழாக நடக்காது.

ஒலிக்கலவை செய்தவர்களுக்குத் தொழில் தெரியவில்லையா என்றால், அதுவும் இல்லை. ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியெரோ இருவரும் அதற்கு முந்தைய ஆண்டு கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு மிக்சிங் செய்தவர்கள். அதில் பேஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். 2015இல் தாம்சன் ஒரு பேட்டியில் நடந்ததைச் சொன்னார். டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கான அளவுகளை டிரம்மர் லார்ஸ் உல்ரிச் கையோடு கொண்டுவந்தாராம். பிறகு பேஸை, கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னாராம். தாம்சன் குறைத்தார். இப்போது இன்னும் சில டெசிபல் குறை என்றாராம். தமாஷ் என்று நினைத்த தாம்சன் பிறகு அது தமாஷ் இல்லை என்று புரிந்துகொண்டார். இதில் எனக்குப் பிடித்த பகுதி பின்கதைதான். 2009இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் மெட்டாலிக்காவைச் சேர்த்த விழாவில் அதே உல்ரிச் அவரிடம் வந்து, ஜஸ்டிஸ் ஆல்பத்தில் பேஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம்!

இது ஒரு தரப்பு. பாடகரும் ரிதம் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தரப்பும் உண்டு. அந்தக் கோடையில் அவர்கள் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். விளையாட்டரங்குகளில் வாசித்துவிட்டு, இடைவெளிகளில் மிக்சிங் நடந்த ஸ்டுடியோவுக்குப் பறந்து வந்தார்கள். காது செத்துப்போயிருந்தது, நியூஸ்டெட்டைக் குறிவைத்துக் குறைக்கவில்லை என்கிறார் அவர். இதை நான் நம்புகிறேன். உரத்த ஒலியில் தோய்ந்த காதுக்கு முதலில் மங்குவது உச்சஸ்தாயி. அப்படிப்பட்ட காதோடு மிக்சிங் மேசைமுன் உட்கார்ந்தால், கூர்மை போதவில்லை போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும்.

மூன்றாவது காரணம் உங்களுக்குப் பயன்படும், பேஸ் கற்பவர் என்பதால். பர்ட்டன் விரலால் வாசித்தார். கிட்டார் ஒரு பாதையில் போனால் இவர் பக்கத்துப் பாதையில் போவார். நியூஸ்டெட் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பவர். இந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்ட் வாசிக்கும் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, அப்படியே, சுரத்துக்குச் சுரம், ஒரு ஸ்தாயி கீழே வாசித்தார். பதிவின்போது குழுவினர் யாரும் பக்கத்தில் இல்லை. உதவிப் பொறியாளர் ஒருவரோடு உட்கார்ந்து, ஒரு நாளைக்குச் சில பாடல்கள் என்று முடித்துவிட்டுப் போய்விட்டார். “இங்கே கொஞ்சம் விலகி வாசித்துப் பார்” என்று சொல்ல ஆளில்லை. கிட்டாரின் அடித் தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், பேஸின் அடித் தந்தி 41. ஹெட்ஃபீல்டோ தன் கிட்டாரின் நடுஸ்தாயியைக் குடைந்தெடுத்துவிட்டு அடிப்பகுதியை ஏற்றிவைத்திருந்தார். பேஸ் இருக்க வேண்டிய வீட்டில் கிட்டார் குடியேறிவிட்டது. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மிலும் அடிவயிற்றில் இறங்கும் அதிர்வை எடுத்துவிட்டு டக் டக் என்ற முனையை மட்டும் வைத்தார்கள். இத்தனைக்கும் நடுவே ரிஃபோடு ஒட்டியே நகரும் பேஸைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், ஆள் இருப்பதே தெரியாது. கொஞ்சமாகவா குறைத்தார்கள்!

ஆக, எழுதி வாசித்த ஹெட்ஃபீல்ட், உல்ரிச் இருவருக்கும் தங்கள் வாத்தியம் உரக்கக் கேட்க வேண்டும், காது களைத்திருந்தது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் அறையில் இல்லை. தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசென் மிக்சிங்கின்போது அங்கே இல்லை. பேஸ் டிராக்குகள் அருமையாக இருந்தன என்று அவர் பிறகு பலமுறை சொல்லிவிட்டார். துக்கம் ஜேசனைத் தனிமைப்படுத்தியது. குமிழைத் திருகியதற்கு அகந்தையும் களைப்பும் போதும். நாம் ரசிகர்கள், நேசிக்கும் படைப்பின் பிழைக்கு ஒரு கவிதை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

வரவேற்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வெளியானபோது இந்தக் குறை ஆல்பத்தைத் துளிகூடத் தடுக்கவில்லை. முந்தைய ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 29ஆம் இடத்தோடு நின்றது. இது ஆறாம் இடம்வரை ஏறியது. அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. ஒரு பாடல் பத்து நிமிடத்தைத் தொடும், தாளம் நாலடிக்கு ஒருமுறை மாறும். வானொலி சீந்தாத சரக்கு. 1989இல் கிராமி விருதில் ஹார்ட் ராக், மெட்டல் இசைக்கென முதன்முதலாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். மெட்டாலிக்காவுக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஜெத்ரோ டல் குழுவுக்குக் கொடுத்தார்கள். அக்குழுவின் தலைவர் புல்லாங்குழல் கலைஞர். நமக்குக் கிடைக்காது என்று நினைத்து அவர்கள் விழாவுக்கே வரவில்லை. மெட்டாலிக்கா தரப்பு அசரவில்லை. ‘கிராமியில் தோற்றவர்கள்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஆல்பத்தின் மேல் ஒட்டி விற்றார்கள். பேஸ் இல்லாத ஆல்பத்துக்குப் பதில் குழல் உள்ள ஆல்பத்துக்கு விருது. அந்தப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பேஸைவிடப் பாடல்களின் நீளம்தான் குழுவினருக்கே முதலில் கசந்தது. தலைப்புப் பாடலை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசைக்காரர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்ததாகக் குழுவின் லீட் கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு நெடுங்காலம் அதை முழுதாக வாசிக்கவே இல்லை. 1991இல் பாப் ராக் என்பவரின் தயாரிப்பில் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் குட்டையான பாடல்களோடும் தடித்த பேஸோடும் வந்தது. அதன் அருகே வைத்துக் கேட்டபோதுதான் பலருக்கும் முந்தையது எவ்வளவு ஒல்லி என்று உறைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் சிறந்த ஆல்பம் என்றேன்? ‘ஒன்’ பாடலுக்காக. டால்டன் ட்ரம்போவின் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவலிலிருந்து எழுந்த பாடல் அது. முதல் உலகப் போரில் குண்டுவீச்சில் கைகால், கண், காது, பேச்சு எல்லாம் இழந்து, மனம் மட்டும் விழித்திருக்கும் ஒரு சிப்பாயின் கதை. அவன் தலையைத் தலையணையில் மோதி மோதி மோர்ஸ் குறியீட்டில் பேச முயல்வான். பாடலின் பிற்பகுதியில் இரட்டைக் கிக் டிரம் இயந்திரத் துப்பாக்கிபோலக் கிளம்பும். கிட்டார் அதே இடைவெளிகளில் வெட்டும். அந்த இடத்தை ரசிகர் பதிப்பில் கேளுங்கள். பேஸ் சேர்ந்ததும் நெஞ்சில் இடிக்கிறது, உடம்பு ஆடுகிறது, நன்றாகவே இருக்கிறது. மூலத்தில் உடம்பு எதையும் உணர்வதில்லை. டக் டக் டக் என்று மண்டைக்குள் மட்டும் நடக்கிறது. உடம்பே மிஞ்சாதவனைப் பற்றிய பாட்டுக்கு அந்த வறட்சி பொருந்திவிடுகிறது. யாரும் யோசித்துச் செய்ததல்ல, தற்செயல். ஆனால் என் காதில் முப்பது வருடமாக அப்படித்தான் விழுந்திருக்கிறது.

இது ‘ஒன்’னுக்கும், பனிக்கட்டிபோலப் பிளக்கும் ‘பிளாக்கன்ட்’டுக்கும் பொருந்தும். ‘டு லிவ் இஸ் டு டை’க்குப் பொருந்தாது. அந்த ஒரு பாடலில்தான் உங்கள் கட்சிக்கு நான் முழுதாக வந்துவிடுகிறேன். பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத் துணுக்குகளைக் கோத்துச் செய்தது அது, கிட்டத்தட்ட பத்து நிமிடம், அவர் பெயரும் ஆக்கியோர் வரிசையில் உண்டு. ஒரு பேஸ் கலைஞனுக்கான அஞ்சலி. அதிலும் பேஸ் கேட்கவில்லை. இதை எந்தக் கவிதையாலும் காப்பாற்ற முடியாது.

2018 மறுவெளியீட்டில் சரிசெய்திருக்கலாமே என்கிறீர்கள். நடந்த வரலாற்றை ஏன் மாற்ற வேண்டும் என்பது ஹெட்ஃபீல்டின் பதில். பழைய புகைப்படத்தில் ஒருவரை வெட்டியெடுத்துவிட்டு, வரலாறு அப்படியே இருக்கட்டும் என்று சட்டம்போட்டு மாட்டுவதைப் போன்றது அது. வெட்டுப்பட்டவர் கேட்டால் வேறு விஷயம். நியூஸ்டெட் முதலில் கொதித்தார், பின்னாளில் அது ஜேம்ஸும் லார்ஸும் செய்த இருவர் ஆல்பம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். 2001இல் குழுவைவிட்டும் போய்விட்டார். அவர் கேட்காததை நான் கேட்கப் போவதில்லை. மூலப் பதிப்பு மூலமாகவே கடையில் இருக்கட்டும்.

நீங்கள் வாசித்துப் பழகுவதற்கு அந்த ரசிகர் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளாக்கன்ட்’டிலிருந்து தொடங்கலாம். அந்த ஆல்பத்தில் நியூஸ்டெட்டின் பெயர் ஆக்கியோர் வரிசையில் உள்ள ஒரே பாடல் அது. அவரைப்போலவே ரிஃபோடு ஒட்டி ஒருமுறை வாசியுங்கள். பிறகு கிட்டாரைவிட்டு விலகி உங்கள் இஷ்டத்துக்கு ஒருமுறை. இரண்டாவதைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பினால் கேட்பேன்.